தன்மை ஒருமை

காலை ஒன்பது இருபது.
குளியல் தொட்டியின் விளிம்பில் இருக்கிறேன்.
ஸ்காபரோவில், பதினோராம் மாடியில்,
இந்த வீட்டில் பூட்டு வேலை செய்யும் ஒரே கதவு
இந்தக் குளியலறைக் கதவு.
"உரைபெயர்ப்பாளர் நாலாயிரத்து எழுபத்தொன்று, தமிழ்"
என்கிறேன்.
நிமிடக் கணக்கு ஓடத் தொடங்குகிறது.

பயிற்சியில் சொன்ன முதல் விதி:
'அவ சொல்லுறா' என்று ஆரம்பிக்காதே.
படர்க்கைக்கு இங்கே வேலையில்லை.
யார் பேசினாலும் நீ 'நான்'.

ஆகவே இன்றைக்கு நான் சுபோதினி.
மால்வேனில் நிலக்கீழ் அறை வாடகைக்கு.
பன் கொம்பனியில் இரவு வேலை,
தட்டு அடுக்கி அடுக்கி மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.
இரண்டு வயதில் ஒரு பெடியன்.
அதே மூச்சில் நான் ஹெதர்,
நகரசபையின் சிறுவர் பராமரிப்பு உதவிப் பிரிவு,
உங்கள் கோப்பு எனக்கு முன்னால் திறந்திருக்கிறது,
இந்த உரையாடல் பதிவாகிறது.

"பிள்ளையைப் பாக்க இடம் தந்தால்தானே
நான் பகல் வேலைக்கு மாறலாம்?"
என்று கேட்கிறேன்.
"பகல் வேலைக்கான கடிதம் வந்தால்தான்
இடம் தரலாம்"
என்று பதிலும் நானே சொல்கிறேன்.
எனக்கும் எனக்கும் நடுவில்
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
அதற்கும் காசு உண்டு.

"எனக்கு முன்னால எத்தினை பேர் நிக்கினம்?"
"அதைச் சொல்ல முடியாது."
"குத்துமதிப்பா?"
குத்துமதிப்புக்கு ஆங்கிலம் தேடுவதற்குள்
ஹெதர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.
மார்கழியில் மூன்று இரவு மேலதிக வேலை.
வருமானம் கோட்டைத் தாண்டியிருக்கிறது.
இந்த முறை தகுதியில்லை.

தகுதி.
ஆங்கிலத்தில் அது பெட்டிக்குள் போடும் ஒரு 'சரி'.
தமிழில் சொன்னால் ஆளையே நிறுத்துப் பார்க்கும்.
"இந்த முறை உங்களுக்குப் பொருந்தாதாம்" என்றேன்.
அந்த 'ஆம்' என்னுடையது. விதிமீறல்.

"மூண்டு இரவு," என்று சிரித்தேன்,
அவள் சிரித்த அளவுக்கு.
"அந்தக் காசில அவனுக்கு ஒரு சப்பாத்து.
சினோவுக்குப் போடுறது. நீலம்."

விசைப்பலகைச் சத்தம் நின்றது.
பிறகு ஹெதர், தாளில் இல்லாத கேள்வி ஒன்று:
"இப்போது குழந்தை யாரோடு இருக்கிறான்?"

அதை நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை,
கதவில் தட்டு.
"அம்மா, படம் முடிஞ்சுது."
நறுமுகை. மூன்றரை வயது.
வீட்டிலிருந்து வேலை என்றால்
பிள்ளையைப் பார்க்க ஆள் எதற்கு என்று
ஐப்பசியில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது,
வேறொரு மேசையிலிருந்து.
பின்னணியில் சத்தம் கேட்டால்
முறைப்பாடு. இரண்டு முறைப்பாடு என்றால் அழைப்பே வராது.
கையால் தொலைபேசியைப் பொத்தினேன்,
பிந்திவிட்டது.

"அங்கே யார்?" என்றாள் ஹெதர்.

அதைத் தமிழில் கேட்க எனக்கு நா எழவில்லை.
சுபோதினி காத்திருக்கவில்லை.
கேள்வி விளங்கியதோ, சத்தம் விளங்கியதோ,
தூக்கமில்லாத குரலில் சொன்னாள்:
"அது என்ர பிள்ளைதான். கூப்பிடுது."

"அது என் பிள்ளைதான். கூப்பிடுகிறது"
என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.
ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"போய்ப் பாருங்கள், நான் இருக்கிறேன்" என்றாள் ஹெதர்.
அதையும் சொன்னேன்.
மால்வேனில் ஒரு கதிரை அசையும் சத்தம் வரவில்லை.
நானும் எழும்பவில்லை.
பதினாலு நிமிடம், பதினாலரை.
கதவுக்குக் கீழே
உரித்த வாழைப்பழத் தோலொன்றை
மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள் மகள்.

"நீங்க போங்கோ" என்றாள் சுபோதினி.

அந்த ஒரு வரியை
நான் மொழிபெயர்க்கவில்லை.